வெண்கலப் புத்தகத்தின் நான்காவது பெயர்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று எனக்குச் சமாதானம் சொல்லாதீர்கள். இது கதையில் சொன்ன பொய் இல்லை, வெண்கலத்தில் சொன்ன பொய். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் பக்கம் போனால் இப்போதும் தடவிப் பார்க்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த நகரத்தின் வீதிகளில் அறிவின் மணம் கமழ்ந்த காலம் அது, அப்போது..."

எனக்கே பொறுக்கவில்லை. அங்கே கமழ்ந்தது பஜ்ஜி மணம். அடித்துவிட்டேன்.

2

சிலையைச் சொல்கிறேன். சிலை என்றதும் அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிய வேண்டும். ஒரு முழ உயரம்தான். சணலால் கட்டிய பழைய பாடப்புத்தக அடுக்கு, அதன் மேல் முதல் பக்கம் திறந்தபடி ஒரு புத்தகம். ஊரின் பழைய புத்தகக் கடைகளின் நினைவாக வியாபாரிகள் சிலர் சேர்ந்து வைத்தது. (வைத்த மறுநாளே ஒருவர் அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். ஆயுத பூசைக்கு யாரோ பொட்டும் வைத்தார்கள்.)

பழைய புத்தகம் வாங்கிப் படித்தவர்களுக்கு அந்த முதல் பக்கம் தெரியும். போன வருடம் படித்தவன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே நம் பெயரை எழுதுவோம். அடுத்த ஜூனில் நம்மையும் ஒருவன் அடிப்பான். வெண்கலத்தின் அந்தப் பக்கத்தில் நான்கு கடைக்காரர்களின் பெயர்களைப் பொறிப்பதாக முடிவானது. பெயர்களைத் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் ரிஷிவந்தியத்தில் பள்ளி ஆசிரியர். கதை எழுதுகிறவன் என்றும் ஒரு பெயர் உண்டு. "உங்களுக்குத் தெரியாததா சார்" என்றார்கள். அதற்கு மயங்காத எழுத்தாளன் உண்டா?

3

மூன்று பெயர்கள் உடனே வந்தன: சுப்புராயன், தீனதயாளன், விஜயலட்சுமி. நான்காவது ஒருவர் இருந்தது நிச்சயம். அவரிடம் நானே எட்டாம் வகுப்பு அறிவியல் வாங்கியிருக்கிறேன். பெயர் மட்டும் வரவில்லை. சிலை வார்க்கும் பட்டறையிலிருந்து காலையிலேயே போன்: "மெழுகு ரெடியா இருக்கு சார், பேரச் சொல்லுங்க." விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்ல கௌரவம் விடவில்லை. அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு கதையின் நாயகன் பெயரைச் சொல்லிவிட்டேன். அன்புச்செல்வன்.

அந்தக் கதை பாதியில் நின்றுபோனது. அன்புச்செல்வன் மட்டும் வெண்கலமாகிவிட்டார். நடந்ததையே கதையாக எழுதி வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு அனுப்பலாம், நம் ஊரில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டவன்தான்.

5

(நான்கு எங்கே என்று தேடாதீர்கள். சொல்கிறேன்.)

கோர்ட்டுக்கு எதிரே உள்ள செராக்ஸ் கடையில், இந்தக் கதையில் அதுவரை எழுதியிருந்த நான்கு பகுதிகளையும் கொடுத்தேன். கடையை நடத்துபவர் செவ்வந்தி. நகல் எடுப்பவர்கள் எதையும் படிக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அவர் படித்தார். மெஷின் நின்ற பிறகும் படித்தார்.

"இன்னா சார் இது? அன்புச்செல்வன்னு ஒர்த்தர் இல்லவே இல்லியா?"

"இது கதைம்மா..."

"கத இருக்கட்டும் சார். அவரு இருந்தாரா, இல்லியா?"

"இல்லை."

அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பஸ் ஸ்டாண்டு வாசல்ல பழைய புக்கு வித்துக்கினு இருந்தாரே பச்சமுத்து, அவரு எங்கப்பா. செத்து ஆறு வருசம் ஆவுது. செல வெச்ச அன்னிக்கே போய்ப் பாத்தேன். பேரு இல்ல. சரி, அன்புச்செல்வன்னு யாரோ பெரிய கட வெச்சிருந்த ஆளு போல, நம்ம அப்பா தரையில ஒக்காந்து வித்தவரு, அவரு பேர எப்படிப் போடுவாங்கன்னு வுட்டுட்டேன். அந்த ஆளு நெசம்னு நெனச்சிதான் சார் சும்மா இருந்தேன்."

பச்சமுத்து. எட்டாம் வகுப்பு அறிவியல். அவரேதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

6

என் பழைய நான்காம் பகுதியில் இருந்தது அன்புச்செல்வனின் வாழ்க்கை. அதைக் கிழித்துப் போட்டேன். பரிகாரமாகப் பச்சமுத்துவின் வாழ்க்கையை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். செவ்வந்தியிடம் படித்துக் காட்டினேன்.

"பச்சமுத்து தார்ப்பாயை விரித்து..."

"தார்ப்பாய் இல்ல சார், சர்க்கர சாக்கு."

"...கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு..."

"கண்ணாடியே போட்டதில்ல."

"...வறுமையிலும் புன்னகை மாறாத..."

"எங்கப்பா சிடுமூஞ்சி சார். பேரம் பேசினா புக்க புடுங்கி வெச்சிக்குவாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீதியைப் படிக்கவில்லை.

பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு பழைய வரலாற்றுப் பாடப்புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் அடித்த பெயர்கள் ஐந்தாறு. ஓரத்தில் பென்சிலில் பச்சமுத்துவின் கையெழுத்து: "43, 44 இல்லை. வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கு. பார்த்து எழுதிக்கோ." திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த தாளில் யாரோ ஒரு மாணவி அந்தப் பாடத்தை முத்து முத்தாக எழுதி முடித்திருந்தாள்.

"இல்லாத பக்கத்த இல்லேன்னு சொல்லித்தான் விப்பாரு. நீங்களும் தெரியாதத எழுதாதீங்க சார். எங்கப்பாவப் பத்தி எனக்கே பாதிதான் தெரியும். மீதி, அவருகிட்ட புக்கு வாங்கினவங்களுக்குத்தான் தெரியும்."

இரண்டாவது நான்காம் பகுதியையும் அங்கேயே கிழித்தேன்.

7

வியாபாரிகளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார்கள், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை உளியோடு ஆள் வருகிறார். நான்காவது பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. அன்புச்செல்வனை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். (ஒரு முடிவு.) அவரும் அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்றேன் நான். (இன்னொரு முடிவு. பெற்ற பாசம்.) இரண்டுக்கும் செவ்வந்தி ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு கோடு போட்டு அடிங்க. கீழ எங்கப்பா பேர எழுதுங்க. பழைய புக்குன்னா அப்படித்தான சார் இருக்கும்?"

பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கதையை இங்கே முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் முழுக்கதையையும் நகல் எடுத்துக் கையில் தருவதற்கு முன் செவ்வந்தி மூன்றாம் பகுதிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். அச்சில் அதை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேருந்து நிலைய வாசலில் ஒரு சிடுமூஞ்சிக்காரரிடம் புத்தகம் வாங்கியவர் நீங்களாகவும் இருக்கலாம்.

"4 இல்லை. வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கு. பார்த்து எழுதிக்கோங்க."