கழற்றாத பெல்ற்

லண்டனிலிருந்து மகள் யதுர்ஷிகா தொலைபேசியில் அழுதாள். இரண்டாவது பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். மூத்தவளுக்கு இரண்டு வயது. மருமகனுக்கு லீவில்லை.

"அம்மா, நீங்கள் வராட்டி நான் என்ன செய்யிறது?"

"வாறன் பிள்ளை" என்றேன்.

கிளிநொச்சித் தொலைபேசிக் கடை வாசலில் சைக்கிளோடு நின்ற என் கணவர் ஐயாத்துரைக்கு அது பிடிக்கவில்லை.

"ஆரைக் கேட்டு வாறனெண்டு சொன்னனீ? போனமுறை கை முறிஞ்சது மறந்துபோச்சே?"

மறக்கவில்லை. மூத்த பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பயணம் அது. கீழே கடல், மேலே ஒரு முகில்கூட இல்லாத வானம். விமானத்தில் பெல்ற் போடச் சொல்லும் லைட் அணைந்திருந்தது. சாப்பிட்ட கை கழுவ எழுந்து நடந்தேன். கயிறறுந்த வாளிபோல விமானம் கீழே போனது. தேத்தண்ணிக் கோப்பைகள் கூரையில் அடித்தன. நானும் அடித்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் ஒரு கை முறிந்தது. மற்றக் கையால் கதிரைக் காலைப் பிடித்து, குப்புறப் படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். சண்டைக் காலத்தில் குண்டு போடக் கிபிர் விமானம் வந்தால் இரணைமடுவில் நாங்கள் அப்படித்தான் கிடப்போம். இரண்டாம் முறை விமானம் விழுந்தபோது, எழும்பி நின்றவர்கள்தான் மறுபடியும் கூரையில் மோதினார்கள்.

கைக்குக் கட்டுப்போட்ட பணிப்பெண் தமிழ்ப்பிள்ளை. "மேல வேகமா ஓடுற காத்து, அம்மா. முகில் இல்லாததால விமானிக்கும் தெரியாது, ராடரிலும் விழாது. லைட் நூந்தாலும் பெல்றைக் கழட்டாதேங்கோ" என்றாள்.

கடை வாசலில் இவர் விடவில்லை. "கிபிருக்குத் தப்பினனீ. இப்ப டிக்கற் வாங்கிச் சாகப் போறியே?"

"கிபிருக்குப் பயந்து நாங்கள் வயல் விதைக்காமல் விட்டனாங்களே?"

"அது வேற கதை."

"ஒரு வேறயும் இல்லை. குண்டு விழேக்கையும் பங்கருக்குள்ள வைச்சு அவளுக்குத் தலை பின்னி விட்டனான். இப்ப காத்துக்குப் பயந்து அவளைத் தனிய விடச் சொல்லுறியளோ? நான் போறன்."

அவர் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பி உருட்டினார்.

"அப்ப, சாப்பிட்டிட்டுக் கையை நக்கிப்போட்டு இரு. கழுவ எழும்பாத."

அடுத்த மாதம் அதே கடலுக்கு மேலே பெல்ற் லைட் அணைந்தது. சுற்றிவர எல்லோரும் கழற்றும் சத்தம். பக்கத்துக் கதிரைப் பொடியன் எனக்கு உதவப் பார்த்தான்.

"இனிக் கழட்டலாம், அம்மா. வெளியில பாருங்கோ, ஒரு முகில் இல்லை."

"அதாலதான் கழட்டேல்லை, தம்பி. நீங்களும் போடுங்கோ."

பெல்றை இன்னொரு இழுப்பு இறுக்கினேன். மகளின் பத்தியத்துக்கு இடித்த தூள் மடியில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தேன்.