முதலில் வைத்த கால்

புத்தாண்டுக்கு மூன்று நாள் இருக்கையில் என் தம்பி மனைவி லொவான் வந்தாள். இலையில் சதுரமாகக் கட்டி வேகவைத்த அரிசிப் பொட்டலங்கள் இரண்டை மேசைமேல் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"அக்கா, ஸ்டேஷன்ல டிக்கெட் குடுத்துக் குடுத்து உங்களுக்குக் கை ஓஞ்சிருக்கும். மொத நாள் நல்லாத் தூங்குங்க. ரெண்டாம் நாள் வாங்க, எல்லாரும் சேந்து சாப்பிடலாம்" என்றாள். சொல்லும்போது பொட்டலத்தின் மூங்கில் நாரை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா. எனக்கும் தூங்கணும்தான்" என்றேன்.

அவள் போனபின் வெகுநேரம் அந்தப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கெட்டவள் இல்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் என் தலைமாட்டிலேயே இருந்தவள். ஆனால் ஆண்டின் முதல் நாள் காலையில் நான் அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதைத்தான் அவள் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் காலையில் வெளியிலிருந்து யார் முதலில் வீட்டுக்குள் கால் வைக்கிறார்களோ, அவர்கள் ராசிதான் அந்த ஆண்டு முழுவதும் அந்த வீட்டுக்கு. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். தம்பி வின் வீட்டுக்குத் தெருக்கோடி லாம் ஐயா. மூன்று மகன்கள், முப்பத்திரண்டு பல், தம்பியின் ஆண்டோடு ஒத்துப்போகிற பிறந்த ஆண்டு. போன ஆண்டு கேட் திறந்து கிடந்ததைப் பார்த்து அவர் வந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து நான் உள்ளே நுழைந்துவிட்டேன். அப்பா அம்மாவின் பூசைமாடம் மகன் வீட்டில்தானே இருக்கும். அம்மாவுக்குப் பிடித்த வெங்காய ஊறலை அதன்முன் வைக்கப் போனேன். கேட்டைத் திறந்தது காற்று. லாம் ஐயா கால்மணி நேரம் கழித்து வந்து என்னைப் பார்த்து, "அப்ப இந்த வருஷம் எனக்கு வேலை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நான்காம் மாதம் வீட்டு முன்விளக்கை மாற்ற ஏறிய ஏணியிலிருந்து வின் விழுந்தான். தொடையில் கம்பி வைத்தார்கள். இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். சொல்லாததால் அந்த வார்த்தை எனக்குள்ளேயே குடியேறிவிட்டது. சந்தையில் என் கை முதல் போணியாக இருந்துவிடக் கூடாது என்று, வேறு யாராவது வாங்கும்வரை கீரைக்காரியின் கடைக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். ராசியில்லாதவர் போணி செய்தால் அவள் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டிக்கெட் கவுண்டரில் அன்றைய முதல் டிக்கெட்டைப் பக்கத்து நாற்காலிக்காரி கொடுத்தபின்தான் என் ஜன்னலைத் திறப்பேன். நாற்பத்திரண்டு வயதில், படித்த நான், அந்த மூடத்தனத்தை நம்புகிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். இல்லை என்றுதான் பதில் வரும். மறுநாளும் ஜன்னலைத் தாமதமாகவே திறப்பேன்.

முதல் நாள் விடிந்தது. முந்தின மாலை கொத்தமல்லிச் செடி கொதித்த நீரில் தலைக்கு ஊற்றியிருந்தேன். முடியில் இன்னும் அந்த மணம். வெளியே மாவு சலித்தாற்போலத் தூறல். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு யாரும் சொல்லிவைத்து வருவதில்லை. வழக்கம்போலக் கதவைப் பாதி திறந்து வைத்துத் தேநீர் போட்டேன்.

திரும்பினால், தம்பி மகள் மியென் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. புதுச் சிவப்புச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. முடியெல்லாம் தூறல் முத்து.

"அங்க என்ன பண்றே? உள்ள வா."

"உங்க வீட்டுக்கு யாராவது வந்துட்டாங்களா அத்தை?"

"இல்லையே."

"அப்ப நான் வரக் கூடாது. நான் புலி."

"கடிப்பியா?"

"வெளையாடாதீங்க. புலி வருஷத்துல பொறந்தவ. அப்பா கொரங்கு வருஷம். ரெண்டுக்கும் ஆகாது. லாம் தாத்தா வர்ற வரைக்கும் மாடியிலயே இருன்னாங்க அம்மா. பலூன் பறந்து போச்சா, பிடிக்க ஓடி வந்துட்டேன். கேட்டுக்கு வெளிய வந்தப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. இப்பத் திரும்பிப் போனா நான்தானே மொத ஆளு?"

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"கொஞ்ச நேரம்தான்." உதடு நீலம் பாரித்திருந்தது. "நீங்க என்ன வருஷம் அத்தை?"

"பூனை."

"பூனைக்கும் புலிக்கும் ஒத்துக்குமா?"

"ரெண்டுக்கும் மீசை இருக்கு. ஒத்துக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. "நிச்சயமாத் தெரியணும். போன வருஷம் நீங்க மொதல்ல வந்ததாலதானே அப்பா கால் ஒடைஞ்சுது? நான் உங்களுக்கு அப்படிப் பண்ண மாட்டேன்."

"யாரு சொன்னா?"

"எங்கிட்ட யாரும் சொல்லல. அம்மா பெரியம்மாகிட்டப் போன்ல சொன்னாங்க."

எட்டொன்பது மாதமாக அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அதற்கு என்னிடம் பல பதில்கள் இருந்தன, சில கூர்மையானவை. அது வந்தபோது இப்படி வந்தது: என்மேல் பிரியம் வைத்து, என்னைக் காப்பாற்றுவதற்காக. நான் அவள் காலைத்தான் பார்த்தேன். வாசல்படியில் பட்டுவிடாமல் விரல்களை உள்ளே மடக்கி வைத்திருந்தாள். அப்படி நிற்பது எனக்குத் தெரியும். கீரைக்கடைக்குத் தள்ளி அப்படித்தான் நிற்கிறேன்.

போய் அவளைத் தூக்கினேன். கனத்தாள். படியைத் தாண்டியதும் என் காதில், "கால் படல அத்தை, அப்ப கணக்கில்ல" என்றாள்.

"படட்டும்" என்று இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிய இறக்கிவிட்டேன். "இந்த வருஷம் என் வீட்டுக்கு மொத ஆள் நீதான்."

தலையைத் துவட்டி, சர்க்கரையில் ஊறிய இஞ்சி ஒரு துண்டு கொடுத்தேன். முதல் விருந்தாளிக்குரிய, காசு வைத்த சிவப்பு உறையையும் கொடுத்தேன். அவள் உறையைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகும். வருஷம்னா ஏதாவது ஆகத்தான் செய்யும். சளி பிடிக்கும், பல்லு வலிக்கும். அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

குரல் உறுதியாகத்தான் வந்தது. அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் தேடுவார்களே என்று கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கேட்டுக்கு இரண்டடி முன்னால் என் கால் தானாக நின்றது. மியெனும் நின்றாள். முற்றத்தில் தொட்டியில் வளர்ந்த ஆரஞ்சு மரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த லொவான் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

"நீ மாடியில இல்ல?"

"பலூன்மா."

லொவான் கேட்டருகே வந்தாள். கொக்கியில் கை வைத்தாள், தூக்கவில்லை. "லாம் ஐயா இன்னும் வரலக்கா. முட்டி பிடிச்சுக்கிச்சாம். ஒத்தடம் குடுத்துட்டு வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"நான் இங்கயே நிக்கிறேன்மா. குளிரல்லாம் இல்ல" என்றாள் மியென். பல் கிடுகிடுத்தது.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் லொவானின் கையைப் பார்த்தேன். அது கல்நெஞ்சக்காரியின் கை இல்லை. பயந்த கை.

"நான் வீட்டுக்குப் போறேன் லொவான். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். உன் பொண்ணு என் வாசல்ல நனைஞ்சுக்கிட்டே நின்னா. உள்ள வந்தா எனக்குக் கெடுதல் வந்துடுமான்னு கேட்டா."

லொவான் மகளைப் பார்த்தாள். "யாருடீ உனக்கு அப்படியெல்லாம் சொன்னது?"

மியென் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். "நீங்கதான்மா. போன்ல."

கொக்கி தூக்கப்பட்டது. லொவான் வெளியே வந்து, ஈரத்தில் முழந்தாளிட்டு, மகளைக் கட்டிக்கொண்டாள். கேட் அவள் முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ, நானும் வெளிய வந்துட்டேனேக்கா."

"நீ என்ன வருஷம்?"

"பன்னி. அவருக்குப் புலியை விட மோசம். ரெண்டு ஜோசியர் இந்தக் கல்யாணமே வேண்டாம்னாங்க. மூணாவது ஆள்கிட்ட என் வருஷத்தை மாத்திச் சொல்லித்தான் நாள் குறிச்சோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கியவள், மகளின் தலைக்கு மேலாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு ஏணியை நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. அடுப்புல கஞ்சி பொங்குற சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனேன். அவர் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

அவளையும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கனத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் என் காலடியில் இறக்கியிருக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் தோளில் தூறல் படிந்திருந்தது, துடைத்துவிட்டேன்.

வின் தாழ்வாரத்துக்குச் சாய்ந்து சாய்ந்து வந்தான். "என்ன, மூணு பேரும் தெருவுல மாநாடு போடறீங்களா? அப்பா அம்மாவுக்கு ஊதுபத்தி ஏத்த வேண்டாமா?"

"லாம் ஐயா வரட்டும்னு" என்று இழுத்தாள் லொவான்.

"முட்டி பிடிச்ச மனுஷனைக் கூட்டிட்டு வந்து என் காலுக்கு அதிர்ஷ்டம் தேடறீங்களா? நல்லா இருக்கு. உள்ள வாங்க, சோறு ஆறுது."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மியென்தான் வழி சொன்னாள். "மூணு பேரும் ஒண்ணாக் கால் வெச்சா யாரு மொதன்னே தெரியாதுல்ல?"

கேட்டைத் திறந்துவிட்டு அவள் நடுவில் நின்றுகொண்டாள். எங்கள் கைகளைப் பிடித்தாள். "நான் எண்ணுவேன். மூணுன்னதும் வைக்கணும். ஒண்ணு."

செருப்புக்குள் அவள் கால்விரல்கள் மறுபடியும் மடங்கின. இன்னொரு பக்கம் லொவான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு."

ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கும். கூரை ஒழுகும், யாருக்காவது காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறையும் இவர்களில் ஒருத்தி இந்தக் காலையை நினைத்துக்கொள்வாள். எனக்கு இது பழகிய சுமை. ஓர் ஆண்டு சுமந்து பார்த்துவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

அவள் மூன்று சொல்வதற்கு முன்பே என் வலது காலை உள்ளே வைத்துவிட்டேன்.

உள்ளே ஈரச் செருப்புகளை உதறிவிட்டுப் பூசைமாடத்தின் முன் நின்றோம். இந்த முறை நான் வெங்காய ஊறல் கொண்டுவரவில்லை. லொவான் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அத்தைக்குப் பிடிக்கும்னு போட்டேன். உப்பு சரியா இருக்கான்னு தெரியல" என்றாள். அம்மாவின் படத்துக்கு முன் வைத்தேன். அந்த நேரம் வாசலில் தடி தட்டும் சத்தம்.

"உள்ள ஆள் சத்தம் கேக்குது" என்றார் லாம் ஐயா. "அப்ப இந்த வருஷமும் எனக்கு வேலை இல்லையா?"

"சாப்பாட்டு வேலை இருக்கு ஐயா, வாங்க" என்று வின் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவரப் போனான். இரண்டு நொண்டிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியேறினார்கள்.

நான் ஊதுபத்தியைப் பற்றவைத்தேன். மியென் என் இடுப்பருகே வந்து நின்றாள். கைகூப்பி, கண்ணை மூடியபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"நான் பாத்தேன் அத்தை. நீங்க ரெண்டரையிலயே வெச்சுட்டீங்க."

"சாமி கும்பிடு" என்றேன்.