பட்டன் மாறிய படம்

கண்காணிப்பாளர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கண்காணிப்பிலிருந்து ஓய்வு பெறவில்லை. கோப்புகளின் ஓரத்தில் குறிப்பு எழுதியே பழகிய கை சும்மா இருக்குமா? 'சிந்தனைச் சிகரம்' என்று ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டார்.

கட்டுரைகளால் யாருக்கும் தொந்தரவில்லை, படித்தால்தானே. வலது ஓரத்துப் பக்கப்பட்டைதான் அமளி. அடக்கமாக ஓரத்தில் நிற்க வேண்டிய அது, பந்தியில் உட்கார்ந்த பெருத்த உடம்புக்காரரைப் போலக் கட்டுரையை நெருக்கித் தள்ளியிருந்தது. மெதுவாக ஓடும் ஒரு கடிகாரம். உலக நாடுகளின் கொடிகள். தேய்ந்து வளரும் நிலா. வந்தவர்களை எண்ணும் கருவி; அது எண்ணியதில் பெரும்பாலும் அவரே. அவர் செயலாளராக இருக்கும் சங்கம் அவருக்கே வழங்கிய விருதுகள். இவற்றுக்கு நடுநடுவே மூன்று கோணங்களில் அவர் முகம்.

அதைச் சீராக்க, இணையப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் இருந்த தங்கை மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இங்க வர்றவங்க எதைத் தேடி வருவாங்க?"

"என்னைத்தான்."

"சரி, தேடற பெட்டி எங்க?"

"நிலாவுக்குக் கீழ பாரும்மா."

"பழைய கட்டுரைக்குப் போற வழி?"

"விருதுங்களத் தாண்டினா வந்துடும்."

"தாண்டறதுக்குள்ள வந்தவங்க எழுந்து போயிடுவாங்க மாமா."

"வீட்டுக்கு வந்தவங்களே அப்படித்தான் போறாங்க" என்றது சமையலறை. அவர் மனைவி, அவளுக்கு அத்தை.

வெட்டு தொடங்கியது. கடிகாரம் போயிற்று. கொடிகள் இறங்கின. நிலா மறைந்தது. விருதுகளின்போது மட்டும், "சின்னதா ஒரு மூலையில..." என்று முனகினார். பிறகு அதையும் விட்டுக்கொடுத்தார். இவ்வளவு சுலபமாக மாமா எதையும் விட்டதில்லையே என்று அவளுக்கே சந்தேகம்.

படித்தவர்கள் கடைசியாக எழுதியதைக் காட்டும் 'அண்மைக் கருத்து' என்ற சிறு பெட்டிக்கு வந்தபோதுதான் மாமாவின் கை அவள் கைமேல் விழுந்தது.

"அதுல கை வைக்காத."

பெட்டியில் ஒரே ஒரு வரி. வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகள், போன வருடம் எழுதியது: 'அப்பா, படத்துல சட்டைப் பட்டன ஒண்ணு தள்ளி மாத்திப் போட்டிருக்கீங்க.'

கதை குடும்பத்துக்கே தெரியும். 'ஒழுங்கே உயர்வு' என்ற கட்டுரைக்கு அவர் போட்டிருந்த படம் அது. படத்தை அன்றே மாற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'பொதுவெளியில் பெற்றோரைத் திருத்தும் பிள்ளைகள்' என்று மறுநாளே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன்பின் மகள் அம்மாவோடு மட்டுமே பேசினாள். அவர்கள் பேசும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பார். பக்கம் மட்டும் புரளாது.

"அண்மைன்னு போட்டுட்டு போன வருஷத்தது இருக்கே? அப்புறம் யாருமே எழுதலையா?" என்று அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். குப்பைத்தொட்டி நிரம்பியிருந்தது. 'அருமை ஐயா!' 'தங்கள் எழுத்து ஒரு கலங்கரை விளக்கம்!' தன் பிறந்தநாள் வாழ்த்து மடலைச் சட்டம் போட்டு மாட்டியவர், இத்தனை புகழையும் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டிருக்கிறார். கடைசியில் அலுத்துப்போய், யாரும் கருத்து எழுத முடியாதபடி பூட்டியும் விட்டார்.

"எதுக்கு மாமா?"

"புதுசு வந்தா இது கீழ போயிடுதும்மா."

அவள் திரையிலிருந்து திரும்பினாள். "அவ மறுபடி எழுதமாட்டாளான்னு காத்துக்கிட்டு இருக்கீங்க. ஆனா எழுதற இடத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்க."

சிகரம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டது.

"ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது."

"எடுப்பாளா?" என்றார். பிறகு, தாழ்ந்த குரலில், "எடுத்தாலும் என்ன பேசறது? எனக்குக் கட்டுரை மாதிரிதானே பேச வருது."

அத்தை கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். கேலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனாலும் முந்தானையில் கரண்டியைத் துடைத்துக்கொண்டாள்.

"திறக்கறேன் மாமா. வேற யாராவது எழுதினா இந்த வரி போயிடும். பரவாயில்லையா?"

அவர் அந்த வரியை வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டார். தலையசைத்தார்.

பூட்டு திறந்தது. புதிய பக்கப்பட்டையில் மேலே தேடும் பெட்டி, அடுத்து பழைய கட்டுரைகளுக்கு வழி, அதன்கீழ் மகளின் வரி. இவை எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு படத்துக்கு மட்டும் இடம்.

"எந்தப் படம் மாமா?"

"இரு" என்று உள்ளே போனார். படம் என்றால் அரை மணி நேரம் தலை வாருகிற மனிதர், சட்டையை மாற்றிக்கொண்டு உடனே திரும்பி வந்தார். சட்டையின் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது. அத்தையின் கை பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்டி."

தங்கை மகள் ஃபோனை உயர்த்தினாள்.

"கழுத்து வரைக்கும் எடுத்துடாதம்மா. பட்டன் தெரியணும்." மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றவர், மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டார். "இன்னும் ஒண்ணு தள்ளிப் போடட்டுமா? அவளுக்குக் கண்ணாடி இல்லாம சரியா தெரியாது."