ராயப்பனா, சின்னப்பனா

"இது எங்க வூட்டுக்காரருதாண்டி, அந்த நெத்தியப் பாத்தாலே..."

"உங்க வூட்டுக்காரரு எப்பக்கா எடது கையில பிரம்பு புடிச்சாரு? பீச்சாங்கைக்காரரு என் ஆளு!"

"படம் புடிக்கிறவன் எந்தக் கையில குடுத்தானோ!"

"பேஜார் பண்ணாதக்கா!"

ஓரகத்திகள் இருவரும் ஒரே மூச்சில் பேசினார்கள். நடுவே, உள்ளங்கை அகலத் தகரத் தகட்டில் பிடித்த படத்தில் ஒரு சிப்பாய், மார்பில் மெடலும் கையில் பிரம்புமாக விறைத்து நின்றான். மூத்தவள் சவுரியம்மாள், இளையவள் செல்லம்மாள். ஆம்பூரில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தே கிழவியானவர்கள். கட்டினவர்களோ இரட்டைப் பிள்ளைகள். ராயப்பன், சின்னப்பன், ஒரே அச்சு, ஒரே பட்டாளம், ஆளுக்கொரு மெடல். பர்மா சண்டைக்குப் போய்ச் சின்னப்பன் மட்டும் திரும்பினான், முகமெல்லாம் அம்மைத் தழும்போடு. தோல் மண்டியில் காவல் இருந்து, நரைத்து, செல்லம்மாள் மடியில் கண்ணை மூடினான். ராயப்பன் வரவேயில்லை. பட்டாளத்துக் கூட்டாளி பஞ்சாட்சரம் கணியம்பாடியில் செத்த பிறகு, அவர் பெட்டியில் கிடந்ததென்று மகள் இன்று கொண்டுவந்து கொடுத்த படம் இது. உங்க வூட்டு ஆளு என்றாளே தவிர, எந்த ஆள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

சவுரியம்மாள் தகட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். குரல் இறங்கிவிட்டது.

"மூணு மாசம் வாழ்ந்தேன். மூஞ்சியே மறந்துபோச்சுடி. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளுகிட்ட போறாங்க. நான் பொதுச் சிலுவைக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன். இதாவது எனக்குன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்... எடது கைதான். உன்னுதுதான், எடுத்துக்க."

ஜெயித்தவளுக்கு வாயெல்லாம் கசந்தது. உள்ளே போய்ப் படத்தை மாடத்தில் சாய்த்துவிட்டு, எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்துக் கொண்டையை முடிந்தாள். தோளுக்குப் பின்னால் சிப்பாயும் தெரிந்தான். அவன் மெடல் இடது மார்பில் இருந்தது.

கொண்டை அவிழ்ந்து விழுந்தது. திருநாளுக்குத் திருநாள் புருஷன் சட்டையில் மெடல் குத்தினவள் அவள்தான். எப்போதும் இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே. மாற்றிக் குத்தினால் தாம்தூமென்று குதிப்பான். மாடத்துப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்: மெடல் வலது பக்கம். எந்தச் சிப்பாய் அப்படிக் குத்துவான்? தகடு ஆளையே கண்ணாடி போல இடவலம் மாற்றிப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் பிரம்பும் வலது கையில்தான்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? தழும்பு விழாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கும்தான் ஆசை. ஒரே முகம்தானே, யாருடையதாய் இருந்தால் என்ன? அவிழ்ந்த கொண்டையை அள்ளிச் செருகினாள். பிறகு கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, படத்தோடு வெளியே வந்தாள்.

"அக்கா, நான் தோத்துட்டேன். படத்த நேரா பாக்காத, இதுல காட்டிப் பாரு. மெடலு எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

"பிரம்பு?"

சவுரியம்மாள் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தாள். கண்ணாடிக்குள் மீசை அரும்பின அந்தப் பையனுக்குப் பக்கத்தில் பல் போன, நரைத்த முகம் ஒன்று வந்து நின்றது. அவசரமாக முந்தானையை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டாள்.

"இன்னாங்க, என்னிய அடையாளம் தெரியுதா?"