கட்டுரையிலிருந்து வந்தவள்

இணையக் கலைக்களஞ்சியத்தில் நடுத்திட்டுக்குப்பம் பற்றிய கட்டுரையிலிருந்து அசரியா நீக்கிய தனம், அன்றைய குழம்பு கொதித்து இறங்குவதற்குள், குரோம்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் ஈரப் புடவையோடு வந்து நின்றாள். அது 2007, ஜூலை மாதத்து ஞாயிறு. அசரியா கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் கட்டுரைகளைத் திருத்துவார். 'சுனாமியில் இவ்வூர் தனம் இறந்தார்' என்று யாரோ சேர்த்திருந்த வரியை, சான்றில்லை என்று எடுத்திருந்தார்.

"இன்னா சார், அங்க எடமில்லன்ட்டீங்க. நான் எங்க போவேன்?" என்றாள் தனம்.

அவர் மனைவி ஜான்சி துண்டு கொடுத்தாள். எவ்வளவு துவட்டியும் கடல்நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது என்று மட்டும் கீழ்வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டார்.

அந்த வரியைச் சேர்த்தவன் தனத்தின் புருஷன் குணா. கேளம்பாக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சண்டைக்கு வந்தான். "பேப்பர்ல பேர் வராதவங்கல்லாம் சாவலயா சார்?" என்று எழுதினான். அசரியா விதியைக் காட்டினார். அவன் வரியை மறுபடி சேர்த்தான். சேர்த்த நொடியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தனம் இல்லாமல் போனாள். ஜான்சி வெறும் மணையைப் பார்த்தாள். "எடுத்துடுங்களேன், பாவம்" என்றாள். அசரியா எடுத்தார். தனம் வந்து மிச்ச வெங்காயத்தை உரித்தாள்.

அன்றைக்கே அசரியா, உரையாடல் பக்கத்திலேயே நடந்ததையும் தன் முகவரியையும் எழுதி, குணாவை வரச் சொன்னார்.

அடிப்பதற்கென்றே வந்த குணாவை, "இளைச்சுட்டியே, சாப்ட்டியா?" என்று கேட்டாள் தனம். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கேட்டைத் தாண்டி அவள் வைத்த கால் தரையில் பாவவில்லை. திரும்பக் கொண்டுவந்து விட்டான்.

"இனிமே நான் எழுத மாட்டேன் சார். வேற யார்னா எழுதுனா தூக்கிடுங்க."

அடுத்து வந்த டிசம்பரில், சுனாமி நினைவு நாளில், ஒரு நாளிதழ் இறந்தவர்களின் பெயர்களை வெளியிட்டது. இன்னொரு தன்னார்வலர் முறையான சான்றோடு தனத்தைச் சேர்த்தார். தனம் மறைந்தாள். விதிப்படி அந்த வரி இருக்க வேண்டியதுதான்; ஆனாலும் அசரியா அழித்தார். மற்றத் தன்னார்வலர்கள் சேர்க்கச் சேர்க்க அழித்தார். சான்று போதாது என்று, வாழ்நாளில் முதன்முறையாக, தெரிந்தே பொய் வாதாடினார். கூட இருந்தவர்கள் அவரை விஷமி என்று எழுதினார்கள். அந்தத் தளத்தில் அவருக்கிருந்த நிர்வாகி உரிமை பறிபோனது. கடைசியில் எதிர்த்தரப்பு சலித்து ஓய்ந்தது. அதன்பின் அங்கே அவரோடு யாரும் பேசவில்லை.

ஞாயிறுதோறும் குணா உலர்ந்த புடவை ஒன்று கொண்டுவருவான். அவள் மாற்றிய ஈரப் புடவையைப் பையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவான். குப்பத்தில் அவன் வீட்டுக் கொடியில் எந்த வெயிலிலும் ஒரு புடவை சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் கருவாட்டை இரண்டடி தள்ளிக் காயவைத்தார்கள்.