கம்பத்தில் கட்டிய வேட்டி

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகை ஒட்டி ஒரு மூங்கில் கம்பம். அதன் உச்சியில் ஒரு வெள்ளை வேட்டி. கோடையில் ஏரி வற்றும்போது படகு வருகிற பள்ளம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளம் எங்கே கரையைத் தொடுகிறதோ அங்கே கம்பத்தை நட்டு வீட்டு வேட்டி ஒன்றைக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். தண்ணீரிலிருந்து பார்த்தால் கரை முழுவதும் ஒரே பனைவரிசைதான். வேட்டியைப் பார்த்துத்தான் படகோட்டி தர்மன் படகைத் திருப்புவான். தவறவிட்டால் நீரோட்டம் முகத்துவாரத்துக்கு இழுத்துப் போகும். அதற்கப்பால் கடல்.

இதை ஜலஜாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே தர்மனின் மனைவி சந்திரம்மாள் துணி உலர்த்தும் கயிறு ஓடியது. ஜலஜாவுக்கு அது துணிக்கொடியின் கம்பம்.

அவள் டில்லியிலிருந்து வந்தவள். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மாடி வீடு. கணவன் வைத்தி குமாஸ்தா. லீவுச் சலுகையில் டிக்கெட் கிடைக்கும்போதெல்லாம் கும்பகோணம்தான் போவார்கள். இந்த வருஷம் வைத்தியின் அம்மா இல்லை.

“அங்க போய் யார் மூஞ்சியைப் பாக்கறது?” என்றான் வைத்தி. ஆபீஸில் யாரோ இந்த ஊரைச் சொல்லியிருந்தார்கள். மெட்ராஸுக்கு வடக்கே, பெரிய ஏரி, பறவைகள் வரும். லீவுக்கு ஊருக்குப் போன பள்ளிக்கூட வாத்தியாரின் வீடு காலியாக இருந்தது.

“மீன் நாத்தத்துல உக்காந்துண்டு பட்சி பாக்கணுமா?” என்றாள் ஜலஜா. ஆனாலும் வந்தாள்.

பக்கத்துக் குடிசை தர்மனுடையது. முதலிரண்டு நாள் ஜலஜா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே நடந்தாள். சந்திரம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“டில்லிம்மா, மூக்க மூடிக்கினே இருந்தியானா சோறு எந்த வழியா போவும்?”

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதன்பின் சந்திரம்மாள் தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம் நின்று பேசினாள். ஜலஜா தான் கொண்டுவந்திருந்த மாவடுவில் கொஞ்சம் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்த கிண்ணத்தில் நுங்கு இருந்தது. ஜலஜாவின் மகள் ருக்கு அதை நின்றபடியே தின்று தீர்த்தாள்.

அன்று மத்தியானம் வைத்தி பூநாரை பார்க்கத் தர்மனின் படகில் போனான். சந்திரம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள்.

“துணி காயுது. மாடு வந்தா ஓட்டிவுடு, டில்லிம்மா.”

“நான் பாத்துக்கறேன். நீ போ.”

வெயில் சட்டென்று மங்கியது. மேற்கே வானம் பழுப்பாக எழும்பி வந்தது. பனையோலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

“அம்மா, ஆந்தி!” என்று கத்தினாள் ருக்கு.

டில்லியில் அந்தச் சொல்லைக் கேட்டால் செக்டர் முழுவதும் ஓடும். மண் காற்று வந்து சேருவதற்குள் மொட்டை மாடியில் இருப்பதெல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். வடாம், மிளகாய், துணி. பக்கத்து வீட்டில் ஆள் இல்லையென்றால் அவர்கள் துணியையும் சேர்த்து எடுத்து, மடித்து வைத்திருந்து, காற்று ஓய்ந்ததும் கொடுப்பார்கள். பஞ்சாபி, வங்காளி என்ற பேதமெல்லாம் கிடையாது. ஜலஜாவின் புடவைகளை மிஸஸ் சோப்ரா எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறாள்.

ஜலஜா தன் கொடியை உருவிவிட்டு வேலியைத் தாண்டினாள். சந்திரம்மாளின் புடவை, தர்மனின் சட்டை, ஒரு போர்வை. எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அது?” ருக்கு கம்பத்தின் உச்சியைக் காட்டினாள்.

“அதையும் எடு. ஜல்தி!”

ருக்கு உயரமான பெண். கவிழ்ந்த படகின்மேல் ஏறிக் கம்பத்தை வளைத்து முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் இழுத்தாள். அவர்கள் வீட்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எதிரே ஏரி தெரியவில்லை.

ருக்கு உள்ளறையில் தலை துவட்டப் போனாள். ஜலஜா கூடத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்தாள். வேட்டியைக் கரை மேலே தெரியும்படி மடித்து மேலாக வைத்தாள். வைத்தி எங்கேயாவது ஒதுங்கியிருப்பான், தர்மன் விஷயம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டாள்.

மழை சற்றுக் குறைந்ததும் சந்திரம்மாள் தொப்பலாக நனைந்து வந்தாள். ஜலஜா அடுக்கோடு வாசலுக்குப் போனாள்.

“ஒரு பொட்டு நனையலை, பாத்துக்கோ. உச்சில இருந்ததைக்கூட ருக்கு ஏறி எடுத்துட்டா.”

சந்திரம்மாள் அடுக்கைப் பார்த்தாள். வேட்டியை மட்டும் உருவினாள். மற்றவை சேற்றில் விழுந்தன. அவள் ஓடினாள்.

ஜலஜாவும் பின்னால் போனாள். சந்திரம்மாள் படகின்மேல் நின்று வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை.

“என்ன சந்திரம்மா? என்ன ஆச்சு?”

“இதப் பாத்துத்தான் படகு கரைக்கு வரும்” என்றாள் சந்திரம்மாள். “இது இல்லன்னா கடலுக்குப் போயிடும்.”

“எனக்குத் தெரியாதே!”

சந்திரம்மாள் முடிச்சை இறுக்கினாள். ஈர வேட்டி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏரி காலியாக இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் வேறொரு படகு வைத்தியைக் கொண்டுவந்து இறக்கியது. முகத்துவாரத்தில் தர்மனின் படகு கவிழ்ந்திருந்தது. அதன் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தானாம். அவனைப் பலகைமேல் ஏற்றிவிட்டது தர்மன். ஏற்றிவிட்ட கையை அப்புறம் காணவில்லை.

காலையில் தர்மனைக் கொண்டுவந்தார்கள்.

ஜலஜா இரவு முழுவதும் விழித்திருந்தாள். யாராவது தன்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. சந்திரம்மாள் திட்டவில்லை. வீட்டில் வைத்தி ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தான். “இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போலாம்னு நான்தான் சொன்னேன். என்னாலதான் ஜலஜா.” இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் பாக்கியையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவது என்று விடியும்போது தீர்மானித்தாள். அந்தத் தீர்மானம் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. அதில் ருக்குவைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

கரையில் ஊரே நின்றது. தர்மனைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். சந்திரம்மாள் தலைமாட்டில் இருந்தாள். ருக்கு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ப் பெரியவர் சுப்பையா வைத்தியைக் கேட்டார். “கடைசியா இன்னா சொன்னான் சார்?”

“வேட்டியைக் காணும், வேட்டியைக் காணும்னே சொல்லிண்டிருந்தார். எனக்கு ஒண்ணும் புரியலை.”

கூட்டம் கம்பத்தைப் பார்த்தது.

“கட்டித்தான இருக்குது?”

“மழையில இல்லியே. நான் பாத்தேன், மொட்டையா நின்னுச்சி” என்றான் ஒருவன்.

“யார்றா கை வச்சது?” சுப்பையாவின் குரல் ஏறியது. “கம்பத்துல கை வைக்கிறவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?”

சந்திரம்மாள் தலையை நிமிர்த்தினாள். அவள் கண் ஒரு முறை ருக்குவின்மேல் போய்த் திரும்பியது.

“யாரும் கை வைக்கல. காத்து அவுத்துக்கினு போயிடுச்சி. வேலியில கெடந்துச்சி, நான்தான் திரும்பக் கட்டினேன்.”

சுப்பையா தலையை ஆட்டினார். கூட்டம் தளர்ந்தது. யாரோ பறைக்கு ஆள் போயிற்றா என்று கேட்டார்கள்.

“காத்து இல்லை” என்றாள் ஜலஜா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது.

“நான்தான் எடுத்தேன். மழை வரதேன்னு துணியோட துணியா எடுத்துட்டேன். எனக்குத் தெரியாது. என்னை என்ன வேணா பண்ணுங்கோ.”

வைத்தி அவளையே பார்த்தான்.

“நீ எங்கம்மா எடுத்தே?” என்றாள் ருக்கு. அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. “மேல ஏறினது நான்தானே? நீ எடுன்னு சொன்னே, நான் எடுத்தேன்.”

சொல்லி முடித்துக் கூட்டத்தைப் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. பிறகு பாயைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் மட்டு. ஆனால் இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் சட்டையை விட்டாள்.

“ருக்கு…” ஜலஜா கையை நீட்டினாள். ருக்கு பின்னால் நகர்ந்தாள்.

சந்திரம்மாள் எழுந்து வந்தாள். ஜலஜாவின் முகத்துக்கு அருகே நின்றாள். கத்தவில்லை.

“காத்துன்னு நான் சொல்லிட்டேனே” என்றாள். “அந்தப் பொண்ணுக்காகச் சொன்னேன். நீ ஏம்மா வாயத் தொறந்த?”