பாண் வாங்கி வரச் சொல்லும் மெட்டு

பின்சீட்டில் யார் ஏறினாலும் சாரதி தானாக வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். கார்க் கம்பனியின் முதல் விதி அது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் கார் ஓட்டும் கிறிஸ்துராஜா ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அதை மீறியதில்லை. அன்று மட்டும் அந்த விதி அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறியிருந்தவள் பாடகி மரிசெலா.

கொலம்பியாவில் கலியாண வீடுகளில் பாடத் தொடங்கியவள். முதல் ஸ்பானிஷ் அல்பம் ஊரைத் தாண்டவில்லை. இரண்டாவது ஒரு கண்டத்தையே ஆட்டி வைத்தது. பிறகு ஆங்கிலத்திலும் பாடினாள், லண்டன் வரைக்கும் அரங்குகள் நிரம்பி வழிந்தன. இதெல்லாம் கிறிஸ்துராஜாவுக்குத் தண்ணிபட்ட பாடு. ஆளைப் பாட்டுப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் அவர் பாட வாயெடுத்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

காரணம் அவர் மனைவி பியற்றிஸ். பக்கவாதம் வந்து அவளுடைய பேச்சு அடியோடு போனது. மூன்று மாதம் ஒரு 'ஓம்', 'இல்லை' கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியின் போனில் மரிசெலாவின் பழைய ஸ்பானிஷ் பாட்டொன்று ஓயாமல் ஓடும். ஒருநாள் பியற்றிஸும் கூடச் சேர்ந்து பாடினாள். ஒரு சொல்லும் விளங்காத மொழியில், பிசகாமல்! சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சும் என்றார் டொக்டர். பிறகு அந்த மெட்டிலேயே தமிழை ஏற்றிப் பழக்கினார்கள். இரண்டு வருடமாக வீட்டில் தேத்தண்ணி கேட்பதும் சண்டை பிடிப்பதும் அந்த மெட்டில்தான். மெட்டில்லாமல் ஒரு சொல்லும் வராது.

ஒரு நன்றி சொல்ல வேண்டும். இன்று விட்டால் இனி எங்கே கிடைக்கப்போகிறாள்?

வாகன நெரிசலில் கார் நின்றபோது போன் அடித்தது. போனைக் கார் ஸ்பீக்கரிலிருந்து துண்டித்து வைக்க மறந்திருந்தார். கார் ஸ்பீக்கர் தானாகவே எடுத்துக்கொண்டது.

"பாண் ஒண்டு... வாங்கிக்கொண்டு வாங்கோ... பாலும் முடிஞ்சுது..." பியற்றிஸ் ராகம் இழுத்தாள்.

அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீர்கள்," என்றாள் மரிசெலா ஆங்கிலத்தில். "இது என் பாட்டல்லவா! யார் பாடுவது?"

கேட்டுவிட்டாள். கிறிஸ்துராஜா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். மரிசெலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்போது என்ன கேட்கிறார்?"

"பாண்... பிரெட். பாலும்."

அவள் அழுகையோடு சிரித்தாள். முன்பக்கம் சாய்ந்து, அந்தப் பாட்டின் அடுத்த அடியை ஸ்பானிஷில் பாடினாள். மறுமுனையில் பியற்றிஸும் கூடவே பாடினாள்.

பாட்டு முடிந்ததும் கிறிஸ்துராஜா நன்றி சொல்ல வாயெடுத்தார். நெஞ்சு நிறைந்து சத்தம் வரவில்லை. அவருக்கும் ஒரே வழிதான் தெரிந்தது. அதே மெட்டில், "நன்றியம்மா... நன்றி..." என்று கட்டைக் குரலில் இழுத்தார்.

"ஐயோ என்னப்பா, நீங்கள் பாடாதேங்கோ!" என்று பியற்றிஸ் படபடவெனச் சீறினாள்.

அதில் மெட்டே இல்லை.

கிறிஸ்துராஜா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்கா ஏசும், பியற்றிஸ்," என்றார்.